உமலுக்குள் இருந்த பனங்கட்டி

இயேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
10.11.2003

அன்புள்ள மச்சாள் பிலோமினாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. உம்முடைய அண்ணருக்குச் சீனி வருத்தம். போன மாதம் திருக்கை முள்ளு வலது கால் பெருவிரலில் ஏறியது. ஆறும் ஆறும் என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனால், அங்கேயுள்ள டொக்டர், ஒரு சின்னப் பெண்பிள்ளை, விரலில் குத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினா. மாமாவின் காலை முழங்காலோடு எடுக்க வைத்த அதே வருத்தம்.

காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு மருந்துக் குளிசை. சோற்றையும் இனிப்பையும் குறைக்க வேண்டுமாம். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார், அவ்வளவு சனம். உம்முடைய அண்ணருக்குக் குறைப்பது என்றால், மூன்றாம் முறை சோறு போடும்போது "காணும்" என்று சொல்வது.

நீர் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பிரமித்தேன். பாதியாய்ப் போய்விட்டீர்! கனடாவில் சோறே தின்னாமல் ஒரு சாப்பாட்டு முறை இருக்கிறதாமே? சோறில்லாமல் மனிசர் எதைப் பிசைவார்கள்? வயிறு நிறையுமோ? நித்திரை வருமோ? எல்லாவற்றையும் எழுதி அனுப்பும். ஒரு வரியும் விடவேண்டாம். அவருடைய கால் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
மேரிஜோசப்பின்


ஸ்காபரோ
05.12.2003

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸிலேயே உடைத்து வாசித்தேன். எங்கள் ஐயா ஒற்றைக் காலில் பொல்லுக்கட்டையோடு கோயில் வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்து அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனுசி தன் கைலேஞ்சியைத் தந்தா. அண்ணைக்கு அப்படி வர விடமாட்டோம், நீங்கள் யோசிக்கவேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இங்கே இப்போது சோறு, பாண், உருளைக்கிழங்கு என்றால் பாம்பைக் கண்டதுபோல் பயப்படுகிறார்கள். பாணைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் உள்ள இறைச்சியைக் கீரை இலையில் சுற்றி விற்கிறார்கள். நான் டோனட் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில்கூட வேலை குறைந்துவிட்டது. சில வருசத்துக்கு முந்தி கொழுப்புத்தான் நஞ்சு என்றார்கள். அதற்கு முந்தி, ஏழு நாளும் கோவா இலைச் சூப்பு மட்டும் குடி என்றார்கள். அடுத்த வருசம் எது நஞ்சோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனால் இந்த முறையில் நான் ஆறு மாதத்தில் இருபத்திரண்டு இறாத்தல் இறங்கிவிட்டேன்.

ஒரு மகசீனில் இருந்ததைத் தமிழில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். குசினிக் கதவில் ஒட்டிவிடுங்கள். சோறு, பாண், பிட்டு, இடியப்பம், கிழங்கு ஒன்றும் கூடாது. மீன், நண்டு, கணவாய், முட்டை எவ்வளவும் தின்னலாம். கீரை, வெண்டிக்காய், பாவற்காய் நல்லது. சீனி கூடவே கூடாது. பனங்கட்டியும் சீனிதான் மச்சாள். ஊரில் அதை மருந்து என்பார்கள், நம்பவேண்டாம்.

அண்ணை சண்டை பிடிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்பு மச்சாள்
பிலோமினா


இயேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
18.01.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

பட்டியலைக் குசினிக் கதவில், திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். இப்போது உம்முடைய அண்ணர் குசினிக்குள் வந்தால் இரண்டுக்கும் சேர்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

எனக்குச் சில கேள்விகள். ஒடியல் பனையின் கிழங்குதானே, அதற்கும் தடையோ? கூழுக்குள் மீன், நண்டு, இறால் எல்லாம் போடுகிறோமே, அதை மீன் கணக்கில் சேர்க்க ஏலாதோ? பலாக்கொட்டை மரக்கறியோ, கிழங்கோ? முட்டை எவ்வளவும் தின்னலாம் என்று எழுதியிருக்கிறீர், அதை என் கோழிகளிடம் யார் சொல்வது? ஓட்ஸ் என்று கடையில் ஒரு பேணி வாங்கினேன். கரண்டியால் கிண்டினால் பசைபோல இருக்கிறது. அங்கே அதைத் தின்னுகிறார்களோ, சுவரில் பூசுகிறார்களோ?

இன்னொன்றும் யோசித்தேன். பாதை பூட்டி அரிசி வராத காலத்தில் நாங்கள் மீனை அவித்து மீனோடேயே தின்றோம். அதற்கு அப்போது பட்டினி என்று பெயர். இப்போது அதையே படத்தோடு மகசீனில் போடுகிறார்களாம். நல்ல உலகம்!

கேளும், போன புதன் நடந்ததை. அவர் சூசைப்பிள்ளையோடு கடலுக்குப் போகும்போது கொண்டுபோகும் ஓலைப் பையை, அந்த உமலைக் கழுவ எடுத்தால், அடியில் சீலையில் சுற்றி, ஓலையில் பின்னிய ஒரு குட்டான் பனங்கட்டி.

"இது என்ன?"

"அது சூசைப்பிள்ளையின்ர."

"சூசைப்பிள்ளையின்ர பனங்கட்டிக்கு எங்கட உமலுக்குள்ள என்ன வேலை?"

"இஞ்சை பார் ஜோசப்பின், பிளேன்ரீக்கு ஒரு கடி இல்லாட்டி எனக்குக் கடலில நிக்க ஏலாது. நான் என்ன கோழிக்குஞ்சே, நீ அளந்து தீன் போட?"

நானும் விடவில்லை. பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆனால் மச்சாள், உம்முடைய பட்டியலுக்குக் கோடி புண்ணியம்! சீனி பாதியாய் இறங்கிவிட்டது. விரல் காய்ந்து பொருக்கு வைக்கிறது. "என்ன செய்யிறியள்?" என்று டொக்டர் பிள்ளை கேட்டா. "ஒண்டுமில்லை, குளிசை போடுறன்" என்றார் இவர். ஏச்சு விழும் என்று நானும் பட்டியலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு சங்கதி. பத்து மணியளவில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறதாம், காரணமில்லாமல் கோபம் வருகிறதாம். இதைப் பற்றி மகசீனில் ஏதும் போட்டிருக்கிறதோ? பார்த்து எழுதும்.

அன்புடன்,
மேரிஜோசப்பின்


ஸ்காபரோ
16.02.2004

அன்பு மச்சாளுக்கு,

விரல் காய்கிறது என்று வாசித்ததும் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஒடியலும் கூடாது, பலாக்கொட்டையும் கூடாது. ஓட்ஸ் சுவருக்கு அல்ல, வாய்க்குத்தான். ஆனால் அதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

வியர்ப்பதற்குப் பயப்படவேண்டாம். உடம்பு பழகும்வரை அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடிய வேலைக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். இந்தக் குளிருக்கு விரல் நடுங்குகிறது. நேற்று இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டு எங்கேயோ போய் இறங்கி முழித்துக்கொண்டு நின்றேன். வயது போகிறது.

அன்பு மச்சாள்
பிலோமினா


இயேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
20.03.2004

பிலோமினாவுக்கு,

உம்முடைய அண்ணர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தவக்காலம் தொடங்கியதும் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி பிடிப்பேன் என்று நின்றார். மத்தியானம்வரை பச்சைத்தண்ணி மட்டும். எனக்கும் அது பெரிதாய்ப் படவில்லை, எங்கள் வீட்டில் எந்த வருசம் பிடிக்கவில்லை? ஆனால் இந்த வருசம், முதல்நாள் இராவும் பட்டியல்படி இரண்டு துண்டு மீனும் கீரையும்தான் தின்றார். காலையில் வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுக்கொண்டு வள்ளம் ஏறிவிட்டார். குளிசையை நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

வலை இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஐயா கரையில கூப்பிடுறார், வள்ளத்தைத் திருப்பு" என்றாராம். ஐயா செத்து இருபது வருசம். சூசைப்பிள்ளை திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க வியர்வை, கண் ஒரு பக்கம் போகிறது, கால் நிற்கவில்லை. வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் சரிந்துவிட்டார். சூசைப்பிள்ளை தண்ணீர் தேடி உமலைக் கவிழ்த்தால், சுண்ணாம்புப் பேணிக்குள் இரண்டு துண்டு பனங்கட்டி! நான் பூட்டி வைத்தது போக, அந்தக் கள்ளன் வேறு ஒளித்து வைத்திருக்கிறான். "இவனுக்கு இது இல்லாமல்தான் ஏலாமல் போச்சு" என்று நினைத்து அதைக் கடித்துப் பொடியாக்கிக் கன்னக் கொடுப்புக்குள் திணித்தாராம். கொஞ்ச நேரத்தில் எழும்பி இருந்து, "ஏன்ரா என்ர பேணியைத் திறந்தனி?" என்று கேட்டாராம்.

கரைக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். டொக்டர் பிள்ளை இந்த முறை ஏசவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வைத்துச் சொன்னா.

"அம்மா, நீங்கள் சாப்பிடுற சோத்துக்குத்தான் நான் குளிசை அளந்து தந்தனான். சோத்தை நிப்பாட்டினால் குளிசை எதைப் பிடிக்கும்? இரத்தத்தில உள்ள கொஞ்சச் சீனியையும் பிடிச்சுப்போடும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் குளிசையைக் குறைச்சிருப்பன்."

இப்போது குளிசை பாதி. மூன்று நேரமும் நேரத்துக்குச் சாப்பாடு. ஒரு பிடியளவு சிவப்பரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் அரைவாசி மரக்கறி, மீன். ஒருசந்தியிலிருந்து சுவாமியார் விலக்குக் கொடுத்துவிட்டார். பனங்கட்டி தினம் தின்னக்கூடாது, ஆனால் கடலுக்குப் போகும்போது ஒரு துண்டு மடியில் இருக்கவே வேண்டுமாம். இதைக் கேட்டதும் உம்முடைய அண்ணர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பட்டியலை நான் கிழிக்கவில்லை. மீனும் கீரையும் நல்லது என்று டொக்டர் பிள்ளையும் சொன்னா.

உம்மில் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். மூன்று நாள் கோபம் இருந்தது. நாலாம் நாள் வேறொன்று மனதில் தட்டியது. சீனி இறங்கினால் என்னென்ன நடக்கும் என்று டொக்டர் பிள்ளை விரல் மடித்துச் சொன்னா. வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். வீட்டுக்கு வந்து உம்முடைய பெப்ரவரிக் கடிதத்தை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். குளிருக்கு விரல் நடுங்கும், சரி. குளிருக்கு வியர்க்குமோ மச்சாள்? இறங்குமிடம் மறக்குமோ?

நீரும் குளிசை போடுகிறீரோ? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதும். வேறொன்றும் வேண்டாம்.

மண்கும்பானில் இருக்கிற நிமலினி அடுத்த மாதம் கனடாவுக்கு வருகிறா. ஒரு குட்டான் பனங்கட்டி கொடுத்துவிடுகிறேன். கைப்பைக்குள் வையும்.

மேரிஜோசப்பின்


ஸ்காபரோ
19.04.2004

அன்பு மச்சாளுக்கு,

ஓம்.

இரண்டு வருசமாகப் போடுகிறேன். ஐயாவின் வருத்தம் எனக்குத்தான் முதலில் வந்தது. அண்ணை அறிந்தால் நித்திரை கொள்ளமாட்டார் என்று மறைத்தேன். பிறகு மெலிந்ததும் எல்லாரும் "என்ன செய்தனீர், எப்படிச் செய்தனீர்" என்று கேட்டார்கள். அந்தப் பெருமையில் இன்னும் மறைத்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு இனி நற்கருணை எடுக்க ஏலாது. நான் பார்த்து எழுதிய மகசீனில், எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை. அதை எழுதினால், "அப்ப நீர்?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயம். நீங்கள் எதையும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லையே. அண்ணைக்கு வியர்க்கிறது என்று எழுதினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் பழகும் என்றுதான் எழுதினேன். என் பயத்துக்காக அண்ணையைக் கடலில் விட்டேன், மச்சாள்.

நிமலினி குட்டானைக் கொண்டுவந்து தந்தா. வெள்ளிக்கிழமை விடிய, பஸ்ஸில் மறுபடியும் விரல் நடுங்கியது. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன். நடுக்கம் அடங்கியது. தொழிற்சாலையில் இறங்காமல் அதே பஸ்ஸில் டொக்டரிடம் போனேன். எனக்கும் குளிசை பாதி, எனக்கும் ஒரு பிடி சோறு. பத்து மாதத்துக்குப் பிறகு சோற்றைப் பிசைந்து தின்றேன். தின்று முடியும்வரை அழுதேன்.

இதை அண்ணைக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏசினால் ஏசட்டும். கதவில் உள்ள பட்டியலில், மேலே, திரு இருதயப் படத்துக்கும் முதல் வரிக்கும் இடையில் கொஞ்சம் இடம் இருக்கும். விட்ட வரியை உங்கள் கையால் அதில் எழுதிவிடுங்கள்:

"சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவேண்டாம்."

உங்கள் மச்சாள்
பிலோமினா