துண்டில் இருந்த சர்ச்

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, ஹால் சுவரில் இருக்கும் துண்டைக் கழற்றலாமா என்று உங்கள் மகன் கேட்டார். "கை வெச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு அது துண்டு என்றே தெரியாது. நீங்கள் தையல் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு அம்மா, ஸ்டிச்சிங் லைனில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தது. கடற்கரையில் விரித்துப் படுக்கிற துண்டு. ஆம்பூரில் கடலுக்கு எங்கே போவது? மஞ்சள் சுவரும் பெரிய குவிமாடமுமாக ஒரு பழங்காலக் கட்டடத்தின் போட்டோ அதில் முழுக்க அச்சாகியிருந்தது. சர்ச்சேதான் என்று முடிவுகட்டி, நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டிவிட்டீர்கள். வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் முழங்கால் போட்டார்கள்.

நானோ ஒடுகத்தூரிலிருந்து உங்கள் மகனைக் காதலித்து வந்தவள். "எனக்குப் பொண்ணே இல்ல" என்று என் அம்மா கதவைச் சாத்திவிட்டார். இங்கே வந்த மூன்றாம் நாளே போனில் தேடிப் பார்த்துவிட்டேன். அது ஏதோ வெளிநாட்டில் இருக்கும் பழைய பொதுக் குளியல் மண்டபம். சொல்லவில்லை. உங்கள் மனம் நோகும் என்பதற்காக அல்ல, என்றைக்காவது உதவும் என்றுதான். அவ்வளவு நல்லவள் நான்!

அந்த நாளும் வந்தது. எதிர்வீட்டு மேரி அக்கா ஜெபக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "வந்து ஒரு வருஷமாவுது. ஞானஸ்நானம் எப்பதான் எடுக்கப் போற?" என்று நாலாவது தடவையாகக் கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"மொதல்ல நீங்க எதப் பாத்து ஜெபம் பண்றீங்கன்னு தெரிஞ்சுக்குங்க. அது சர்ச் இல்ல, குளிக்கிற எடம்" என்று போனை நீட்டினேன். அதே கட்டடம். முன்னால் இடுப்பளவு தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக, நீச்சல் உடையில்.

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியுமே" என்றீர்கள். "அந்தம்மா குடுக்கும்போதே சொன்னாங்க. பாக்க நல்லா இருக்கேன்னு மாட்டினேன். நீங்களா சர்ச்சுன்னு நெனச்சுக்கிட்டா நான் இன்னா பண்றது? அப்புறம் மேரி, எம் மருமவகிட்ட இந்தப் பேச்சு இனிமே வேணாம். அவ மனசு, அவ சாமி."

அவர்கள் போனதும் சமையலறைக்கு வந்து கேட்டேன், "நெஜமாவே தெரியுமா அத்தை?"

"எங்க தெரியும்! நாலு வருஷமா குளிக்கிற எடத்தப் பாத்து அழுதிருக்கேன்டி" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, "தனியா சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றீர்கள். அவ்வளவுதான். நான்தான் அழுதேன். "நீங்க வெளிய போன்னு சொல்லிட்டா எனக்குப் போக எடம் இல்ல அத்தை" என்றேன். நீங்கள் தட்டில் சோறு போட்டீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு என் அம்மா வந்தார். ஆறு வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக இந்த வீட்டுப் படி ஏறினார். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பஸ் புடிச்சு வந்துடும் இந்தம்மா. நான் உள்ள கூப்பிட்டதில்ல. ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. வாசல்லயே நின்னுக்கினு, 'உம் பொண்ணுக்குக் கோவம் வந்தா போறதுக்கு ஒரு வீடு வேணும், கதவத் தொறந்து வையி'ன்னு சொல்லிட்டுப் போவும்."

வாணியம்பாடியில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பியதெல்லாம் இதற்குத்தானா? அந்த முழங்கால் வலியோடு எத்தனை பஸ் மாறினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நேரில் நன்றி சொல்ல எனக்கு ஒரு நாளாவது விட்டு வைத்திருக்கலாமே அத்தை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் போகிறேன். அம்மா கூப்பிட்டிருக்கிறார். கோபித்துக்கொண்டு இல்லை, சும்மாதான். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே நம் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். சத்தியம்.

உங்கள் மருமகள்,
கலா