வெட்டி எடுத்த கைநாட்டு

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். சத்தியமாக நானேதான்! ஒரு வரி முடிவதற்குள் ஒரு டம்ளர் தேநீர் ஆறிப்போகிறது.

பக்கவாதத்தில் கை விழுந்தபோது நீ செய்து கொண்டுவந்த, கைமேல் உறைபோல மாட்டும் இயந்திரக் கையைத் தூக்கி எறிந்தேன் அல்லவா? மூன்று வருடம் கட்டிலுக்கடியில் கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் சிஸ்டர்தான் தூசி தட்டி மாட்டிவிட்டாள். விரலை நான் லேசாக அசைத்தால் போதும், மீதியை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. முப்பது வருடம் கிரேன் ஓட்டியவனை இப்போது ஒரு குட்டி கிரேன் ஓட்டுகிறது.

பயிற்சிக்குக் கோடு போடச் சொன்னாள். "வெறும் கோடு எதுக்கும்மா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுத்தாவே சொல்லிக் குடு" என்றேன். இப்போது மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எதையும் நான் படிக்காமல் விடுவதில்லை.

ஒரே தொல்லை. ஆள்காட்டி விரல் கம்பி இறுகி, விரல் நீலமாகிறது. "செஞ்சவங்க வந்து சரி பண்ணலேன்னா மாசக் கடைசியில கழட்டிடுவேன் தாத்தா" என்கிறாள். கழற்றினால் என் எழுத்தும் போச்சு. வருவாயா?

அன்புடன்,
அப்பா

மார்ச் 11

ஐயா,

கடிதம் கிடைத்தது. படிக்கத் தெரியும் என்கிறீர்கள். இயந்திரக் கையைத் தூக்கி எறிந்த அன்று தையற்கடைக்காரரை எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து எனக்கு அனுப்பினீர்களே, அது இத்துடன் இருக்கிறது. படியுங்கள். பிறகு கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இயந்திரம் செய்தவள்

மார்ச் 19

மகளே,

படித்தேன். நான்கு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. 'உன் பொம்மையும் வேண்டாம், நீயும் வேண்டாம். உன் அப்பன் செத்துவிட்டான்.'

பழியைத் தையற்கடைக்காரன் மேல் போடப் பார்த்தேன். முடியவில்லை. "அண்ணே, இதையுமா எழுதணும்?" என்று இரண்டு தடவை கேட்டான். "எழுதுடா" என்றேன். வாயால் சொன்னது காற்றோடு போயிருக்கும் என்றே இருந்துவிட்டேன். நீ மூன்று வருடமாக அதைப் படித்திருக்கிறாய்.

அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அடியிலிருந்த கைநாட்டை வெட்டி எடுத்துவிட்டேன். கத்தரிக்கோலை இயந்திரக் கையால்தான் பிடித்தேன். வலியில் உயிர் போனது. எழுதியதை அழிக்க முடியாது. இனி அதற்கடியில் நான் இல்லை.

விரல் போனால் போகட்டும். உன்னை வரவேண்டாம் என்று இதில் எங்கும் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

அப்பா

மார்ச் 25

அப்பா,

இறுகின கம்பியோடு கத்தரிக்கோல் பிடித்தீர்களா? உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? நான் வரும்வரை அதை மாட்டக் கூடாது. சிஸ்டரையும் ஸ்குரூவைத் தொட விடாதீர்கள்.

ஞாயிறு காலை வருகிறேன்.

மகள்