பன்னிரண்டு நிமிஷ பேட்டரி

திருப்பூர்
15.3.2009

அன்புள்ள மகன் பாண்டித்துரைக்கு அம்மா செல்லத்தாய் எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம், ஜோர்டானில் நீ கைகால் சுகத்தோடு இருக்கிறாயா என்பதுதான் தெரியவேண்டும். போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்று ஒரே மூச்சில் சொல்லிக் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் லேப்டாப்பில் உன்னைப் பார்த்த அன்றைக்கு வலது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாய். தலை சொறியக்கூட இடது கைதான் மேலே வந்தது. கையைக் காட்டுய்யா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. அப்பா கவனிக்கவில்லை, பையன் முகம் கறுத்துப்போச்சு என்பதோடு நிறுத்திக்கொண்டார். நீ துணி வெட்டும் மிஷின் முன்னால் நிற்கிறவன். இங்கே எங்கள் கம்பெனி வாசலில் டீ குடிக்கிற கட்டிங் ஆட்களில் எத்தனை பேர் கிளாஸை மிச்சமிருக்கும் மூன்று விரலால் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கோர்ஸ் படிக்கும்போது பழசாக வாங்கி எங்களிடம் விட்டுப்போன லேப்டாப் அது, குறை சொல்லக்கூடாதுதான். உனக்கு லீவு வெள்ளிக்கிழமை, எனக்குக் கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். சரியாக அந்த நேரத்தைப் பார்த்துக் கரண்டை எடுக்கிறான். கம்பெனிக்கு ஜெனரேட்டர் ஓடும், அதன் புகை முழுக்க நம் லைன் வீட்டுக்குள் வரும், கரண்ட் மட்டும் வராது. முன்னே இரண்டு மணி நேரம் தாங்கிய பேட்டரி இப்போது பன்னிரண்டு நிமிஷம். நீ சொன்னபடி வெளிச்சத்தைக் குறைத்தோம், மவுஸைப் பிடுங்கினோம், பேட்டரியை ஒரு தடவை சுத்தமாகத் தீரவிட்டு மறுபடி ஏற்றினோம். நூறு என்று காட்டும், டேட்டா கார்டைச் செருகி உன் முகம் வந்ததும் நாற்பதுக்கு விழும். அப்பா உன்னைப் பார்க்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். மோனிஷா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், நான் தைத்துப் போட்டிருந்த உறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். ஏனுங்க்கா, குளிருமுன்னு சட்டை போட்டு உட்டீங்களா என்றாள். கம்பெனியிலிருந்து பறந்து வருகிற பஞ்சு விழக்கூடாது என்று நான்தான் வேஸ்ட் பனியன் துணியில் இறுக்கமாக உறை தைத்தேன், அடியிலும் துணியை நாலாக மடித்து மெத்தை போட்டேன். அதோடே ஓட்டுவோம், அதோடே நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும். காற்று போகிற வழியை எல்லாம் என் கையாலேயே அடைத்திருக்கிறேன். சூட்டிலேயே கிடந்து பேட்டரி பாதி செத்துவிட்டதாம். அடி மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபேனைக் காட்டினாள். ஃபேன் தெரியவில்லை, பஞ்சுதான் தெரிந்தது, உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி மாதிரி உரித்து எடுத்தாள். இது எந்நேரமும் மூச்சு முட்டிக்கிட்டே சுத்துனா பேட்டரி என்னத்துக்குங்க ஆகும் என்றாள்.

அப்பா அந்தப் பஞ்சை வாங்கி ரொம்ப நேரம் விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நம்ம ஊட்டுல ரெண்டு வருசம் இருந்த மிஷினுக்கே இவ்வளவு. நான் நிட்டிங்ல பதினாறு வருசம் நிக்கேன்." அவருக்கு இருமல் விடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிற அன்றைக்குக் காலையில் ஆளுக்கொரு மாஸ்க் தருவார்கள், கார் கிளம்பியதும் கூடையில் திருப்பிப் போடச் சொல்வார்கள். இந்தத் தடவை உன் அப்பா திருப்பித் தரவில்லை. சூப்பர்வைசர் கேட்டதற்கு, உள்ளே போனதைத் திருப்பி எடுத்துக்கிட்டா இதைத் தாரேன் என்றிருக்கிறார். வேலை போகும் என்று பயந்தேன், போகவில்லை.

உறையை எடுத்தாயிற்று, அடியில் இரண்டு கட்டை வைத்தாயிற்று, சார்ஜ் ஏறியதும் பிடுங்கிவிடுகிறோம். சுத்தம் செய்த பிறகு முப்பத்தைந்து நிமிஷம் தாங்குகிறது, நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, வேண்டாம். எனக்கு அந்த முப்பத்தைந்து நிமிஷம் போதும். இந்தக் கடிதம் கிடைக்கிற வாரத்து வெள்ளிக்கிழமை இங்கே ஒரு மணிக்கு, உனக்குக் காலை ஒன்பதரைக்கு, அறைத் தோழனின் கம்ப்யூட்டர் முன்னால் தட்டு வைத்துக்கொண்டு உட்கார். நாங்களும் தட்டோடு உட்காருகிறோம். நீ ஒன்றும் பேசவேண்டாம். இரண்டு வருஷமாக நீ சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

நம் ஊர் அய்யனார் உனக்குத் துணையிருக்கட்டும், என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. இரவு வேலை போட்டால் தூங்காமல் மிஷினில் நிற்காதே. வெள்ளிக்கிழமை மறக்காதே. ஸ்பூன் வேண்டாம் அய்யா, வலது கையால் பிசைந்து சாப்பிடு. எப்படி இருந்தாலும் சரி, அன்றைக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன், அழவும் மாட்டேன்.

உன் வரவு பார்த்திருக்கும்
அம்மா செல்லத்தாய்
அப்பா சோணைமுத்து