நாம் குறைக்க வேண்டியவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படித்துக்கொள்: உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். கண் திறந்து பேசுகிறாள். இன்று காலை என்னைத் திட்டக்கூடச் செய்தாள். இனி எங்காவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கொதிப்பாய். உனக்குப் போன் செய்யவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு இரும்பு பெஞ்சு. மடியில் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். இங்கே வந்து ஐந்து நாளாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சுகாதார நிலையத்தின் பின்பக்கத்து ஹாலில் நான் சமையல் வகுப்பு எடுப்பது உனக்குத் தெரியும். நான்கு அடுப்பு, ஒரு நீள ஸ்டீல் மேஜை, எழுதினால் பாதி விழும் பாதி விழாத ஒரு வெள்ளைப் பலகை. திங்கள் சர்க்கரைக்காரர்கள், செவ்வாய் பிரஷர்காரர்கள், புதன் கிட்னிக்காரர்கள், வியாழன் வயிற்றுப்புண்காரர்கள். வெள்ளியன்று யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மா ஐந்து நாளும் என்னோடு வந்துவிடுவாள். வீட்டில் சும்மா இருந்தால் துருப்பிடித்துப் போவேன் என்று சொல்லி, காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள், தொட்டிக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஒன்றரை வருஷமாக இதுதான் நடக்கிறது. வாசனைக்கு ஒரு ஆள் என்று நான் கிண்டல் செய்வேன். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை முகர்ந்து, இது பழைய சீரகம், இது புதுச் சீரகம் என்று சொல்லிவிடுவாள். வகுப்பே கைதட்டும்.

அன்று நர்ஸம்மா ஒரு பயிற்சி காட்ட வந்திருந்தார். ஒருவரை முன்னால் நிற்க வைத்து, நேற்று காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும், பிறகு எடை பார்க்க வேண்டும். யார் வருகிறீர்கள் என்றால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எங்க அக்கா வருவாங்க, ரெண்டு வருஷமா என் சாப்பாடு, டீச்சர் வீட்டு உடம்ப எல்லாரும் பாத்துக்குங்க என்று பெருமை அடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன், பாப்பா.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். காலையில வெந்நீர் ரெண்டு சொம்பு என்றாள். அப்புறம் என்றார் நர்ஸம்மா. வெள்ளரிக்காய் நாலு துண்டு. அப்புறம்? மத்தியானம் சுரைக்காய், தண்ணியில வேக வெச்சது. உப்பா, அய்யோ அதெல்லாம் கிடையாது. அப்புறம்? வெந்நீர். சாயங்காலம் அரை ஆப்பிள், தோல் சீவினது. ராத்திரி? வெந்நீர்தான். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா ஜோக்கடிக்கிறாள், சபையில் என் காலை வாரிவிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்து எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். முப்பத்தேழு காட்டியது.

மெஷின் கெட்டுப்போச்சு போல என்று நர்ஸம்மா அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். அவருடைய எடையைச் சரியாகக் காட்டியது. மறுபடி அம்மா ஏறினாள். மறுபடி முப்பத்தேழு. என் வீட்டுக்கு வந்தபோது ஐம்பத்தெட்டு இருந்தாள், பாப்பா! அந்த எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா கொறைச்சிருக்கேன்ல என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகம். கீழே இறங்கக் காலை வைத்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கினேன். நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன். என் அக்காவைக் கைக்குழந்தை மாதிரித் தூக்க முடிகிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆட்டோவில் என்னை எங்கள் அம்மா என்று நினைத்துக்கொண்டு, தையல் மெஷின்ல பாபின் நூல் தீர்ந்துபோச்சும்மா, யூனிபார்ம் நாளைக்குக் குடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, அதனால்தான் புத்தி குழம்புகிறது என்றாள் டாக்டர். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், வேகமாக ஏற்றினால் அதுவே ஆபத்தாம். சின்ன வயசுக்காரி, கையில் பேனாவை ஆட்டிக்கொண்டே கேட்டாள்: வீட்ல சமைக்கிறது யாரு? நான்தான் என்றேன். நீங்க என்ன வேலை செய்றீங்க? ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னேன். பேனா ஆட்டுவது நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? கேள். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் காலையில் கிளம்பினால் வகுப்பு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை என்று இருட்டித்தான் திரும்புவேன். நான் சாப்பிட்டாச்சு, நீ சாப்பிடு என்பாள். காலியான தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், நம்பிவிடுவேன். அவள் பங்குச் சாப்பாடு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் காவல்காரருக்குப் போயிருக்கிறது. அவர் வந்து என்னிடம் அழுகிறார், அவரை என்ன சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டியில் இருந்த பிளவுஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் தையல், அதற்கு உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே ஒன்று. சிலதில் நாலு வரிசை. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்த கை அல்லவா, உடம்பு இளைக்க இளைக்கத் துணியையும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். தொளதொளவென்று ஒரு நாள்கூட ஒன்றைப் போட்டுக்கொண்டதில்லை. அம்மா இளைச்ச மாதிரி இருக்காளே சித்தி என்று நீ வீடியோவில் கேட்டாய். அது இளைப்பு இல்லடி, ஆரோக்கியம் என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக என்னை நீ மன்னிக்க வேண்டாம்.

பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. உனக்குத் தெரியுமே, அம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, நான் வகுப்பில் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். தலைப்பு 'நாம் குறைக்க வேண்டியவை'. திங்கள்: நாம் சோறு, கிழங்கு, சர்க்கரையைக் குறைக்க வேண்டும். செவ்வாய்: நாம் உப்பு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்க வேண்டும், ருசிக்கு மிளகும் இஞ்சியும் சேர்க்கலாம். புதன்: நாம் பருப்பு, கீரை, வாழைப்பழம், பால், முட்டையைக் குறைக்க வேண்டும். வியாழன்: நாம் மிளகு, மிளகாய், புளியைக் குறைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மிளகை எழுதியிருந்த இடத்தை வியாழக்கிழமை வந்து அடித்திருக்கிறாள். அடித்து அடித்துக் கடைசிப் பக்கத்தில் மிஞ்சியது சுரைக்காய், வெள்ளரிக்காய், ஆப்பிள், வெந்நீர். நான்கு நோய்க்கும் ஒத்துப்போவது அவ்வளவுதான். அவளுக்கு அந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது, பாப்பா. எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. சாப்பிடாததைத் தவிர உன் அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை.

நாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். நோயாளியைப் பார்த்து நீங்கள் நீங்கள் என்று விரல் நீட்டாதீர்கள், மனசு ஒடிந்துபோவார்கள், நாம் என்று சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீச்சரம்மா நம்மள்ல ஒருத்தி மாதிரிப் பேசுறாங்க என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்குத் தலைகால் புரியாது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து நான் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுவேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்திதான் நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். வாயைத் திறந்தால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதனால் பாடத்தை விட்டுவிட்டு, இங்கே சர்க்கரை இல்லாதவங்க யாரு, வீட்டுக்காரருக்காக வந்து கத்துக்கிட்டுப் போறவங்க கை தூக்குங்க என்றேன். ஆறு கை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். அவருக்கு என்னவோ அதேதான் எனக்கும், தனியா எதுக்கு டீச்சர் என்று நாலு பேர் சொன்னார்கள். அதில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். பலகையைத் துடைத்துவிட்டு, யாருக்கு எது என்று பெயர் பெயராக எழுதினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. இனிமேல் அப்படித்தான்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். புத்தி தெளிந்த அன்று, ஏன்க்கா இப்படிப் பண்ணினே, உனக்கு ஒரு நோயும் இல்லையே என்று அழுதுகொண்டே கேட்டேன். வரக்கூடாதுன்னுதான் என்றாள். உன் அப்பாவுக்கு முதலில் சர்க்கரை வந்தது, அப்புறம் பிரஷர், அப்புறம் கிட்னி போனது. நீ படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். உன் கூடப் படித்தவர்கள் எல்லாம் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு நீ திரும்பப் போய் முதலிலிருந்து தொடங்கினாய். அதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே உன் அம்மா என்னிடம் சொன்னது இது: அவ ரெண்டு வருஷத்த நாங்க ஏற்கெனவே தின்னுட்டோம். இன்னும் திங்க மாட்டேன்.

வெளியே வந்து இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

நிலைமை இதுதான். உப்பு ஏறிவிட்டது. ஆனால் வாயால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். நர்ஸ் முட்டை கொண்டுவந்தால் கிட்னிக்கு ஆகுமா என்று கேட்கிறாள். எல்லாம் ஆகும்க்கா, சாப்பிடு என்றால், அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே, போடி என்கிறாள். நான் போதித்த ஊரே என் பேச்சைக் கேட்கிறது, இவள் மட்டும் இனிக் கேட்க மாட்டாள். இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இந்த வாரத்துக்குள் தானாகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வா என்று நான் எழுத மாட்டேன். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, லீவு கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ வந்து நின்றால் அவள் பயந்தது நடந்துவிட்டதென்று இன்னும் வாயை மூடிக்கொள்வாளோ என்றும் பயமாக இருக்கிறது. வராமல் இருந்துவிடு என்று எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை. அதை நீயே முடிவு செய்.

ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளுக்கு ஒரு கடிதம் போடு. போனில் சொன்னால் நம்ப மாட்டாள், எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவாள். பெரிய எழுத்தாக, கூட்டிப் படிக்கிற மாதிரி எழுது. அப்பாவோடு இருந்த அந்த இரண்டு வருஷம் வீணாகப் போகவில்லை என்று எழுது. அது உண்மையா என்று நான் உன்னிடம் என்றைக்கும் கேட்க மாட்டேன். உண்மையாக இல்லாவிட்டாலும் எழுது, பாப்பா. அவள் சாப்பிட வேண்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் வாக்குக் கொடுத்த
சித்தி