தண்ணீர் ஊற்றிய பந்தக்கால்

ஜூன் 29, 2025
என் வீட்டுக்காரி கலையரசி வாசல் பெருக்கும்போது துடைப்பக்கட்டை வாசக்காலில் இடித்தது. இடித்தது என்ன, உள்ளேயே போய்விட்டது. மரத்துக்குள்! வெறும் பெயிண்டு இத்தனை நாள் வாசக்காலாக நடித்திருக்கிறது. கரையான்.

"வூட்டையே தின்னுக்கினு இருக்குது, நீங்க பேப்பர் படிச்சிக்கினு இருக்கீங்க" என்றாள்.

ஜூன் 30
பக்கத்து வீட்டுக்காரர் பாவாடையின் பேச்சைக் கேட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். கரையான் நகரவில்லை. நாற்றம் தாங்காமல் கலையரசி என்னைத்தான் சமையல்கட்டிலிருந்து துரத்திவிட்டாள்.

ஜூலை 2
முழுசாகப் பிடுங்கணும் என்கிறார் மேஸ்திரி. பிடுங்கிப் புதுசு செய்வதற்குள் ஆடி பிறந்துவிடும்; ஆடியில் புதுசு வைக்கக் கூடாது. ஆவணி வரை வீடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எழில்மதி மாப்பிள்ளையோடு தலையாடிக்கு வருவது பதினேழாம் தேதி. பள்ளிக்கூட நாளிலிருந்தே தோள்பையை இறக்காமல் அந்த வாசக்காலில் சாய்ந்துதான் ஊர்க்கதை பேசுவாள் என் மகள். எதில் சாய்வாள்? — என் மேலா?

ஜூலை 4
மருந்து அடிக்கத் தியாகதுருகத்திலிருந்து செந்தமிழ்ச்செல்வி ஸ்கூட்டியில் வந்தார். நான் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆளு எங்கம்மா?" என்றேன்.

"நாந்தாங்க ஆளு."

அசடு வழிந்தேன். திருப்புளியின் பிடியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கீழே தொப், தொப். ஒன்றரை அடிக்கு மேலே டொக்!

"மேல கெட்டியா இருக்குதுண்ணா. புடுங்க வேணாம்."

எனக்கு அந்தக் கையைக் கும்பிடத் தோன்றியது. "தலையாடிக்கு வந்தா எம்பொண்ணு இதுலதாம்மா சாயும்" என்றேன். அதற்குள் அவர் சுவரில் கோடாக ஓடிய கரையான் மண்ணைப் பிடித்துக்கொண்டே போய், எழில் கல்யாணத்துக்கு நட்ட பந்தக்காலில் நின்றார். கல்யாண முருங்கைக் கொம்பு. தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"கல்யாணம் முடிஞ்சி பத்து மாசமாவுது. இன்னும் ஏன் ஈரமா இருக்குது?"

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"துளிர்த்தா பொண்ணு நல்லா இருப்பாளாம். தெனம் சொம்புல ஊத்தறாரு" என்றாள் கலையரசி. "எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

செந்தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. "கரையானுக்கு சோறு, தண்ணி, வாசல்லயே எடம்! மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ செய்ய மாட்டாங்கண்ணா."

ஜூலை 5
சுவரோரம் அடிக்கு ஒரு துளை, ஒவ்வொன்றிலும் மருந்து, மேலே சிமெண்டுப் பூச்சு. மரத்துக்கு மட்டும் ஊசி. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நர்சம்மாகூட இவ்வளவு பக்குவமாகக் குத்தமாட்டார். பந்தக்காலை நானே பிடுங்கிக் கொளுத்தினேன். புகை கண்ணில் பட்டது. புகைதான்.

ஜூலை 10
தச்சர் அய்யப்பன் அடியை அறுத்து ஒட்டு வைத்தார். ஒட்டு எங்கே என்று நானே தேடவேண்டியிருக்கிறது.

ஜூலை 14
தினமும் தட்டிப் பார்க்கிறேன். டொக்.

"இன்னாங்க, சொந்த வூட்டுக்கே கதவ தட்டிட்டுப் போறீங்க?" என்கிறார் பாவாடை. தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

ஜூலை 17
மாப்பிள்ளை உள்ளே போய்க் காபியே குடித்து முடித்துவிட்டார். எழில் பையை இறக்காமல் வாசக்காலில் சாய்ந்து மாமியார் கதையை ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம். நல்ல கதை. ஒரு வரிகூட என் காதில் விழவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொல்லைப்பக்கம் போய்ச் செந்தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன்.

"சாஞ்சிக்கினு இருக்குதும்மா."

யார், என்ன என்று கேட்கவில்லை.

"சாயட்டும்ணா" என்றார்.