வெள்ளி மதியம் பாசிக்குடா

புதன், இரவு.

கப்பல் திருகோணமலையில் மூன்று நாள் நிற்கும். அதில் வரும் வெளிநாட்டுத் தம்பதிக்கு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தைக் காட்டத் திட்டம் போட்டேன். வழிகாட்டியாக என் முதல் வேலை. மதியம் பாசிக்குடாக் கடற்கரை என்று வான் ஓட்டும் ஓட்டமாவடிக் காக்காவிடம் சொன்னேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஜும்ஆ நேரம் என்னையும் கடல்ல குளிக்கச் சொல்றீங்களா தம்பி?" என்று சிரித்தார்.

கம்பஸ் விடுதியில் காத்தான்குடி முஸ்லிம் நண்பனோடு ஒரே அறையில் இருந்தவன், வெள்ளி மதியத் தொழுகையை எப்படி மறந்தேன்?

மதியம் ஓட்டமாவடியில் சாப்பாடு, தொழுகை முடிந்து பாசிக்குடா என்று மாற்றித் தம்பதிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: கடலில் நேரம் குறைகிறது, வேறு சாரதி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கிடைக்காது என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் எனக்குப் பதிலாக வேறு ஆளைத் தேடலாம். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. போனையே பார்த்துக் கண் எரிகிறது.