பையில் இருந்த ரப்பர் புழு

தெரணியகலை
2008 ஆடி

அன்புள்ள ஜீவராணிக்கு,

சனிக்கிழமை பஸ்ஸில் வைத்து என்னைப் பொலிஸ் பிடித்தது, சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை, பயப்படாதே. நீயும் பிள்ளையும் சுகம்தானே?

கடைக்கு வாங்கிய தூண்டில் சாமான்தான் வினை. சண்டை நடக்கிற நேரமில்லையா, ஈயக் குண்டுகளைத் துப்பாக்கிக்கு என்று நினைத்து, "யாருக்குடா கொண்டு போற?" என்று சார்ஜன் அதட்டினார். சின்ன வயதிலிருந்து பேசும் சிங்களம் வாயில் வரவில்லை. "மீனுக்குங்க ஐயா" என்று தமிழில் உளறி இன்னும் மாட்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, பெரிய மாத்தயா, தூண்டிலில் இரையாக மாட்டும் ரப்பர் புழுவை நசுக்கிப் பார்த்து, "புதுசா பழகுறவனுக்கு எது நல்லது?" என்றார். வியாபாரக் கேள்வி கேட்டதும் சிங்களம் திரும்பிவிட்டது.

"வால் ஆடுற சின்னப் புழுங்க. கலங்கல் தண்ணிக்குக் கறுப்பு, தெளிஞ்ச தண்ணிக்கு வெளுப்பு. ஈயம் கொஞ்சமாப் போடணும், இல்லாட்டி கல்லுல சிக்கிக்கும்."

சிரித்தார். இப்போதும் கடை வாசலில் ஜீப் நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

நான் ஓப்பநாயக்க தோட்டத்தில் பிறந்தவன் என்று தோட்டத் துரையிடம் ஸ்டேஷனில் காட்ட ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. என் பழைய போர்வையையும் அனுப்பு, தூக்கம் வருவதில்லை. நீ இங்கே வராதே.

என்னை விடும்போது மாத்தயா பேசி முடித்தது இவ்வளவுதான்: கடிதம் வரும்வரை நான் ஊரைவிட்டு அசையக் கூடாது, ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போடப் பழக்க வேண்டும்.

யோகராஜ்